யாருக்குச் சொன்ன பதில்? அத்வைத நூல்களை வாசிக்கும் முறை

சிவப்பிரகாசம் பிள்ளை ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். கல்லூரியில் தத்துவம் படித்தவர். ‘நான்’ என்று சொல்கிறோமே, அது எது என்ற கேள்வி மாணவப் பருவத்திலிருந்தே அவரை விடவில்லை. அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வந்தபோது, மலைக்குகையில் பேசாமல் இருக்கும் ஓர் இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டு மேலே ஏறிப் போனார். அது 1902. அந்த இளைஞருக்கு வயது இருபத்திரண்டு. பிள்ளை கேட்கக் கேட்க, அவர் மணலில் விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார், காகிதத்தில் எழுதினார். இருபது ஆண்டுகள் பிள்ளையோடு இருந்த அந்தப் பதில்கள் 1923-இல் ‘நான் யார்?’ என்ற பெயரில் அச்சுக்கு வந்தன. அந்த இளைஞர்தான் ரமணர். பின்னர் அவரே அதைக் கட்டுரை வடிவத்திலும் எழுதினார்.

அத்வைத நூல்களைப் பற்றிய அத்தியாயத்தை ஒரு ரெவின்யூ ஊழியரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வகை நூல்களில் பெரும்பாலானவற்றில் கேட்பவர் ஒருவர் இருக்கிறார். கடோபநிஷத்தில் நசிகேதன் கேட்கிறான், யமன் சொல்கிறான். பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் போகும் நேரத்தில் மைத்ரேயி கேட்கிறாள். அஷ்டாவக்கிர கீதையில் கேட்பவர் ஜனகர். ரிபு கீதையில் ரிபு முனிவர் நிதாகருக்குச் சொல்கிறார். நாம் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பதில்களுக்கு மட்டும் கோடு போடுகிறோம். கேட்டவர் யார், எந்த நிலையில் கேட்டார் என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். பத்துப் பன்னிரண்டு நூல்கள் படித்தும் எதுவும் ஒட்டவில்லை என்று சொல்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பதில்கள் அவர்களிடம் நிறைய இருக்கும், கேள்வி இருக்காது.

ஆகவே முதல் பயிற்சி இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நூலில் ஒரு கேள்வி வந்ததும் பதிலுக்குப் போகாமல் நின்று, அந்தக் கேள்வியை உங்கள் பேச்சுவழக்கில் எழுதுங்கள். ‘மனம் எப்போது அடங்கும்?’ என்று நூலில் இருந்தால், ‘ராத்திரி படுத்ததும் ஆபீஸ் விஷயமே ஓடுது, இது எப்ப நிக்கும்?’ என்று நோட்டில் இருக்கட்டும். அப்படி எழுத வராத கேள்வி இன்றைக்கு உங்களுடையது அல்ல. அதன் பதிலை ஒருமுறை வாசித்துவிட்டு மேலே போகலாம். எழுத வந்த கேள்வியின் பதிலிடம் ஒரு வாரம் தங்குங்கள்.

முதல் நூல்

தமிழ் வாசகருக்கு முதல் நூலாக நான் சொல்வது ‘நான் யார்?’ தான். சட்டைப்பையில் அடங்கும் சிறு நூல், நேரடியான தமிழ் உரைநடை. பரிபாஷைச் சொற்கள் சில வரும், ஆனால் நூலைப் புரிந்துகொள்ள இன்னொரு நூல் வேண்டியதில்லை. எந்த அளவுக்கு நூல் படிக்கலாம் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. மனத்தை அடக்க வேண்டும் என்பதுதான் எல்லா நூல்களின் முடிவும் என்று தெரிந்துகொண்டபின் நூல்களை அளவில்லாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை, தன்னைத் தனக்குள்ளே தேட வேண்டும் என்கிறார் ரமணர். தேடலின் முதல் நூலே நூலின் எல்லையைச் சொல்லிவிடுவது நமக்குப் பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரையில் பள்ளி மாணவனாக இருந்த வேங்கடராமனை, அதாவது பின்னாளைய ரமணரை, 1896-இல் திருவண்ணாமலைக்கு வரும் முன் உலுக்கிய நூல் எந்த வேதாந்த நூலும் அல்ல, பெரிய புராணம். நாயன்மார்களின் கதைகள். வேதாந்த நூல்கள் அவர் கைக்கு வந்ததெல்லாம் திருவண்ணாமலை வந்த பிறகுதான், அதுவும் பழனிசுவாமிக்காக. குகையில் ரமணருக்குத் தொண்டு செய்துவந்த பழனிசுவாமி மலையாளி. ஊருக்குள்ளிருந்து தமிழ் வேதாந்த நூல்களை வாங்கி வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுவார். அதைப் பார்த்த ரமணர் நூலை வாங்கித் தாம் படித்து, சாரத்தை அவருக்குச் சொல்வார். தமக்கு ஏற்கெனவே நிகழ்ந்த ஆன்ம அனுபவத்துக்கு நூல்கள் என்ன பெயர் வைத்திருக்கின்றன என்பது அந்த வாசிப்பில்தான் அவருக்குத் தெரியவந்தது. விவேகசூடாமணியைத் தமிழ் உரைநடையில் தந்ததும் அந்தக் குகைக் காலத்தில்தான். உங்கள் வீட்டில் கண் மங்கிய பெரியவர் ஒருவர் இருந்தால் இந்த வழியை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வாசித்துச் சொல்வதற்காகப் படியுங்கள். புரியாத இடம் எது என்பது அப்போது மறைக்க முடியாமல் தெரிந்துவிடும்.

சொன்னவர் வாயும் எழுதியவர் கையும்

புத்தகக் கடையில் ரமணர் பெயரோடு முப்பது நாற்பது நூல்கள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே எடையில் வாசிக்கக் கூடாது. எந்த நூலையும் வாங்கும் முன் முன்னுரையில் ஒரு விஷயம் தேடுங்கள். இது அவரே எழுதியதா, அவர் பார்த்துத் திருத்தியதா, பிறர் குறித்துக்கொண்டதா, குறித்ததை மொழிபெயர்த்ததா?

‘உபதேச உந்தியார்’ முப்பது பாடல்கள், 1927. ‘உள்ளது நாற்பது’ 1928. இரண்டும் அடியாரும் கவிஞருமான முருகனார் வேண்டிக் கேட்டு ரமணரே தமிழில் இயற்றியவை. முருகனாரின் ‘குருவாசகக் கோவை’ ரமணர் சொன்னவற்றை முருகனார் வெண்பாவாக்கியது. ரமணர் பார்த்துத் திருத்திய நூல் அது. இவை முதல் வரிசை. 1935 முதல் 1939 வரையான உரையாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்று உண்டு. முனகால வேங்கடராமையா குறித்தது. ரமணர் பேசியது பெரும்பாலும் தமிழில், குறித்துக்கொண்டது ஆங்கிலத்தில். நம் கையிலிருக்கும் தமிழ்ப் பதிப்பு அந்த ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்தது. அற்புதமான தொகுப்பு அது. ஆனால் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததுதானா என்று சொல்ல வழியில்லை.

மும்பை கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகாராஜ் விஷயத்திலும் இதே கதைதான். அவர் பேசியது மராத்தி. ஒலிநாடாவில் பதிந்த அந்தப் பேச்சுகளை மாரிஸ் ஃப்ரிட்மன் ஆங்கிலத்தில் தந்தார். ‘ஐ ஆம் தட்’ 1973-இல் வெளியாகி உலகமெங்கும் போயிற்று. தமிழில் அவரை வாசிப்பவர் ஆங்கிலத்தின் வழியே வந்ததைத்தான் வாசிக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால், ஒரு வாக்கியம் முரடாகவோ குழப்பமாகவோ இருக்கும்போது உங்கள் புத்தியைக் குறை சொல்லிக்கொள்ள மாட்டீர்கள்.

நான்கு ஐந்து சொற்கள்

தமிழில் இந்த நூல்களை வாசிப்பவர் தடுக்கி விழுவது பெரிய தத்துவங்களில் அல்ல. தினமும் புழங்கும் சொற்களில்தான்.

‘உணர்வு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நமக்கு உணர்வு என்றால் கோபம், அழுகை, பாசம். ரமணர் உணர்வு என்று எழுதும்போது, வடமொழியில் சித் என்பார்களே, அது. அறிந்துகொண்டிருப்பது. ‘அறிவு’ என்றாலும் அதேதான். பள்ளிக்கூடத்தில் சொல்லும் அறிவு அல்ல. இந்த இரண்டு சொற்களையும் இன்றைய பொருளில் வைத்து ‘உள்ளது நாற்பது’ படித்தால் பாட்டுக்குப் பாட்டு பொருள் தவறும்.

மொழிபெயர்ப்புகளில் சிக்கல் வேறு. ‘சுயம்’ என்று போடுகிறார்கள். சுயநலம், சுயமரியாதை, சுயதொழில் என்று பழகிய காதுக்கு அது தனி ஆளைத்தான் காட்டும். தமிழில் ‘தான்’ என்ற அழகான சொல் இருக்கிறது. ரமணர் அதைத்தான் பயன்படுத்தினார். சுயம் என்று வருமிடத்தில் பென்சிலால் ‘தான்’ என்றோ ‘ஆன்மா’ என்றோ எழுதி வாசித்துப் பாருங்கள், பாதி வாக்கியங்கள் நிமிர்ந்துவிடும். ‘விழிப்புணர்வு’ இன்னொன்று. டெங்கு விழிப்புணர்வு முகாம், சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம் என்று சுவரெல்லாம் பார்த்த சொல். அது நூலில் வரும்போது நமக்குத் தோன்றுவது கவனமாக இருப்பது. நிசர்கதத்தர் பேச்சிலோ இந்தச் சொல் தொடும் ஒரு வேறுபாடே உயிர்நாடி. காலையில் விழித்ததும் ‘நான் இருக்கிறேன்’ என்று தோன்றி, தூக்கத்தில் மறைவது ஒன்று. அந்தத் தோற்றத்துக்கும் மறைவுக்கும் முன்னே இருப்பது மற்றொன்று. முதலாவதிலேயே நின்று பார் என்பது அவர் குரு அவருக்குச் சொன்ன வழி. இந்த இரண்டுக்கும் மொழிபெயர்ப்பாளர் எந்தெந்தத் தமிழ்ச் சொல் வைத்திருக்கிறார் என்று முதல் பத்துப் பக்கத்திலேயே பார்த்து, நூலின் முன்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிரக்ஞை என்பார், ஒருவர் உணர்வு என்பார். சொல் எதுவானாலும் அந்த இரண்டும் கலந்துவிடாமல் இருந்தால் போதும்.

அடுத்து ‘பொய்’. உலகம் பொய் என்று படித்துவிட்டு மிரண்டு போனவர்கள் உண்டு. வடமொழியில் அந்த இடத்தில் உள்ள சொல் மித்யை. இதை விளக்க நம் பேச்சிலேயே இரண்டு சொற்கள் கிடக்கின்றன. ஒன்று முயற்கொம்பு, அது எங்குமே இல்லாதது, யாரும் பார்த்ததில்லை. மற்றது கானல் நீர். அது கண்ணுக்குத் தெரிகிறது, கிட்டப் போனால் தண்ணீராக இல்லை, தெரிந்தபின்னும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. அத்வைதம் உலகத்தை மித்யை என்பது கானல் நீரைச் சொல்வதுபோல. முயற்கொம்பு என்று அது சொல்லவில்லை. தார்ச்சாலையில் வெயில் நேரத்தில் பஸ்ஸில் போகும்போது ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால், உரையாசிரியர்கள் பல பக்கம் எழுதுவது அரை நிமிடத்தில் பிடிபடும்.

‘அத்வைதம்’ என்ற சொல்லுக்கே வருவோம். அதன் நேர்ப்பொருள் இரண்டு அல்லாதது. ஒன்று என்று அது சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சைவ சித்தாந்திகளும் இதே சொல்லைத் தங்கள் வழியில், உயிரும் இறைவனும் பிரிப்பின்றி நிற்பதாகப் பொருள் கொண்டார்கள். ஆதலால் பழைய தமிழ் நூலில் அத்துவிதம் என்று கண்டால் எழுதியவர் எந்த மரபினர் என்று பார்த்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

வெண்பாக்களில் இறங்கும்போது பதம் பிரித்த பதிப்பும் பதவுரையும் இருக்கட்டும். முதலில் பிரித்து வாசியுங்கள், பிறகு சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘உள்ளது நாற்பது’ நூலின் முதல் மங்கலப் பாட்டை மூன்று நாள் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். உள்ளது என்றால் இருப்பது. உள்ளம் என்றால் இதயம். உள்ளல் என்றால் நினைத்தல். மூன்றும் ‘உள்’ என்ற ஒலியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வருகின்றன. இருப்பதை எப்படி நினைப்பது என்ற கேள்வியையே அந்த உரசல் கேட்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலும் இது வராது. தமிழ் தெரிந்தவர்களுக்குக் கிடைத்த செல்வம் இது, இதை விட்டுவிட்டு நேராக விளக்க உரைக்கு ஓடாதீர்கள். பாராயணத்துக்கு வசதியாக ரமணரே அந்த வெண்பாக்களை இடையிடையே இணைப்புச் சொற்கள் சேர்த்துக் கலிவெண்பாவாகவும் ஆக்கித் தந்திருக்கிறார். நாவில் ஏற வேண்டும் என்று நினைத்ததால்தானே அந்த வேலை.

நூல் தன்னோடு முரண்படும்போது

கொஞ்ச நாளில் இந்தத் தொல்லை வரும். ஐந்தாம் பக்கத்தில் ஈசுவரன் உலகைப் படைத்தான் என்று இருக்கும். எண்பதாம் பக்கத்தில் படைப்பே நிகழவில்லை என்று இருக்கும். அச்சுப்பிழை அல்ல, முறை அது. முதலில் ஏற்றிச் சொல்லி, பின்பு அதை நீக்குவது. அத்தியாரோபம், அபவாதம் என்பார்கள்.

நம் கல்யாண வீட்டில் நடப்பதுதான் இது. அம்மி மிதித்தபின் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்கள். அருந்ததி மங்கலான சிறு நட்சத்திரம், சட்டென்று கண்ணில் படாது. முதலில் பக்கத்திலுள்ள பெரிய நட்சத்திரத்தைக் காட்டி இதுதான் என்பார்கள். கண் அங்கே போய் நின்றதும், அது இல்லை, அதன் ஓரத்தில் பார் என்பார்கள். முதலில் சொன்னது கண்ணை அந்தத் திசைக்குக் கொண்டுவந்தது. படைப்பைப் பற்றிய பக்கங்களும் அப்படியே. வாசிக்கும்போது ஓரத்தில் ஒரு குறி போடுங்கள், இது பெரிய நட்சத்திரமா, அருந்ததியா என்று.

முரண்பாட்டுக்கு இன்னொரு வேர் உண்டு, அது ஆளும் நேரமும். 1898 டிசம்பரில் ரமணரின் தாயார் அழகம்மாள் மகனைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். பேசாதிருந்த மகன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வினைப்படி நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடக்காதது யார் முயன்றாலும் நடக்காது, ஆகவே பேசாமல் இருப்பதே நல்லது என்பது அதன் பொருள். வாழ்க்கை முழுமைக்கும் சித்தாந்தமாக இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். ஆனால் 1914-இல் அதே தாயார் மலைக்கு வந்த இடத்தில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். அப்போது அதே மகன், அவர் பிழைக்க வேண்டும் என்று அருணாசலனை வேண்டிப் பாடல்கள் எழுதினார். இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். முதல் தாளை மட்டும் வாசித்தவருக்கு ஒரு ரமணர் கிடைப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தவருக்குக் கிடைப்பவர் வேறு.

துக்க வீட்டில் நான் செய்தது

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். இந்த நூல்களில் நான் மூழ்கிக் கிடந்த வருடத்தில் என் அக்காவின் கணவர் திடீரென்று காலமானார். மூன்றாம் நாள். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அக்கா, “இந்த ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு இனி நான் என்னடா பண்ணுவேன்” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையாகவே அவளுக்கு உதவுவதாக நினைத்து, பிறந்தவரும் இல்லை இறந்தவரும் இல்லை என்று நூலில் படித்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். “உங்க அத்தானை எடுத்துட்டுப் போன வீட்டுல வந்து, யாருமே சாகலைன்னு சொல்றியேடா” என்றாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவள் கேட்டது பிள்ளைகளைப் பற்றி. பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றி, வீட்டு வாடகையைப் பற்றி. நான் சொன்னது அவள் கேட்காத கேள்விக்கு, நான் கண்டறியாத பதில். 1922 மே 19 அன்று, தாயாரின் கடைசி நாளில், ரமணர் ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார் என்று நான் எத்தனையோ முறை படித்திருந்தேன். படித்தும், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்த நூல்களில் படித்ததைத் துக்கத்திலோ நோயிலோ இருப்பவருக்குச் சொல்லாதீர்கள். அவரே அதைக் கேட்டால் அப்போது பார்க்கலாம். ‘செய்பவன் யாருமில்லை’ என்று படித்துவிட்டு, கொடுக்க வேண்டிய கடனையும் கேட்க வேண்டிய மன்னிப்பையும் தள்ளிப்போடவும் கூடாது. வேதாந்த நூல்கள் வாசிப்பவரிடம் முதலில் கேட்பது விவேகம், வைராக்கியம், மனவடக்கம், புலனடக்கம், பொறுமை போன்றவற்றை. சாதன சதுஷ்டயம் என்று தொடக்கத்திலேயே வரும் அந்தப் பகுதியை அலுப்பூட்டும் முன்னுரை என்று புரட்டிவிடுகிறோம். அதைத்தான் நின்று படிக்க வேண்டும்.

உடம்பு விஷயமாகவும் ஒரு வார்த்தை. வாசிக்க வாசிக்க இரவுத் தூக்கம் போவது, தான் நிஜம்தானா என்ற பயம் நாள்கணக்கில் பிடித்துக்கொள்வது, வீட்டு வேலை, அலுவலக வேலை எதிலும் கை ஓடாதது, இவற்றில் ஒன்று வந்தாலும் நூலை மூடி வையுங்கள். ஞானத்தின் அடையாளம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். நூல் அலமாரியில் அப்படியேதான் இருக்கும், குணமானபின் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்கு எவ்வளவு, அடுத்து எது

ஒரு நாளைக்கு இரண்டு பத்தி அல்லது ஒரு பாட்டு போதும். வாசித்து முடித்ததும் செல்போனை எடுக்காமல் பத்து நிமிடம் உட்காருங்கள். கேட்டலை அடுத்துச் சிந்தித்தல், அதன்பின் அதிலேயே நிலைத்தல் என்று மரபு வகுத்த வரிசையில் நம் வாசிப்பு முதல் படியோடு நின்றுவிடுவது அந்தப் பத்து நிமிடம் இல்லாததால்தான். ராமகிருஷ்ணர் ஒரு கடிதத்தைச் சொல்வார். ஊரிலிருந்து வந்த கடிதம் காணாமல் போய், தேடிக் கண்டுபிடித்துப் படித்தால், இத்தனை சேர் இனிப்பும் ஒரு வேட்டியும் வாங்கி அனுப்பு என்று இருக்கிறது. படித்தபின் கடிதத்துக்கு வேலை இல்லை, கடைத்தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

‘நான் யார்?’ நூலை மூன்று முறை முடித்தபின் ‘உபதேச உந்தியார்’ எடுங்கள். உந்தீபற என்ற ஓசையில் சிறுமிகளின் விளையாட்டுப் பாட்டு மெட்டில் அமைந்தது, மனப்பாடம் எளிது. அதன்பின் தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’. முதல் பகுதி தத்துவத்தை விளக்குவது, இரண்டாம் பகுதி மாணாக்கனின் சந்தேகங்களைத் தெளிவிப்பது. என் அனுபவத்தில் இரண்டாம் பகுதியில்தான் உங்கள் நோட்டுக்கு வேலை. நீங்கள் கேட்க நினைத்து வெட்கப்பட்டதையெல்லாம் அந்த மாணாக்கன் கேட்டிருப்பான். ‘உள்ளது நாற்பது’ அதற்கடுத்து, உரையோடு, ஒரு வருடத்துக்கு. ரிபு கீதையின் தமிழ்ப் பாடல்கள் 1,900-க்கு மேல். அதைப் பொருள் தேடிப் படிக்கத் தொடங்கினால் அலுத்துவிடும், ஒரே கருத்து அலை அலையாக வந்துகொண்டே இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து, வாரம் ஒரு மாலை, ஓர் அத்தியாயம் வாய்விட்டு வாசிப்பதற்கான நூல் அது. நடுவில் யாரும் விளக்கம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.